பட்டத்துக்குச் செல்லும் இரு வழிகள்

"பட்டதாரி" என்னும் சொல் யாழ்ப்பாணத்துச் சமூகத்திலே ஒருவருடைய கல்வித் தகைமையை மட்டும் குறிப்பதன்று. திருமணப் பேச்சில் முதலாவதாக வினவப்படுவதும், வீட்டுப் படலையிற் பெயருக்குப் பின்னே பொறிக்கப்படுவதும், ஒரு தலைமுறை உழைத்து அடுத்த தலைமுறைக்குத் தேடிக்கொடுக்கும் முதுசமாகக் கொள்ளப்படுவதும் அதுவே. அப்பட்டத்தை அடைதற்கு வழி ஒன்றே உண்டென்ற எண்ணமும் இதனோடு சேர்ந்தே வளர்ந்துள்ளது. க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களிற் சித்தியெய்தி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தெரிவுப் பட்டியலில் இடம்பெறுவதே அவ்வழி. ஆயின், 2008 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தால் இரத்மலானையிலே வாழ்க்கைத்தொழில் தொழினுட்பப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட காலந்தொட்டு, பட்டறையிலே தொடங்கிப் பட்டத்திலே முடியும் வேறொரு வழியும் சட்டப்படி உண்டு. இவ்விரு வழிகளும் எவ்வாறு அமைந்துள்ளன, எவர் எவ்வழியைத் தெரிதல் பொருந்தும் என்பன பாடசாலைகளிலே போதிய அளவு பேசப்படுவதில்லை. பேசப்படாமையின் விலையைச் செலுத்துவோர், இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும் இளைஞர்களே.

ஏட்டுக்கல்வி வேறு, தொழிற்கல்வி வேறு என்று இன்று கோடு கிழிப்போர், இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றைச் சற்று நோக்குதல் வேண்டும். 1893 ஆம் ஆண்டிலே மருதானையில் அரசாங்கத் தொழினுட்பப் பாடசாலை தொடங்கப்பட்டது. 1921 இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்தது போலவே, பின்னாளில் இலங்கைத் தொழினுட்பக் கல்லூரி எனப் பெயர்பெற்ற மருதானை நிறுவனமும் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியற் பட்டத்துக்கு மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதற்குப் பொறியியற் பீடம் இருக்கவில்லை. 1950 இலே அப்பீடம் அமைந்தபோது அது தொடங்கியதும் அத்தொழினுட்பக் கல்லூரியின் மடியிலேதான். பேராதனைக்கு அது பெயர்ந்தது 1964 இல். எனவே பேராதனைப் பொறியியற் பீடத்தின் வேரைத் தேடிச் செல்வோர் ஒரு பட்டறையின் வாயிலிலேயே போய் நிற்பர்.

கட்டுப்பெத்தையின் கதை இதனினும் சுவையானது. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாடு வழங்கிய உதவியோடு 1960 இல் அங்கே செயன்முறைத் தொழினுட்ப நிறுவகம் ஒன்று தொடங்கப்பட்டது. இடைத்தரத் தொழினுட்பவியலாளரைப் பயிற்றுவித்தலே அதன் நோக்கம். 1966 இல் அது இலங்கைத் தொழினுட்பக் கல்லூரியின் உருவெடுத்தது. 1972 இலே பல்கலைக்கழக வளாகமாயிற்று. 1978 இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. பதினெட்டு ஆண்டுகளிலே ஒரு பயிற்சிக்கூடம் நாட்டின் மிகக் கடினமான நுழைவாயில்களுள் ஒன்றாக மாறிவிட்டது. அங்கு நடைபெற்ற தேசிய தொழினுட்ப டிப்ளோமா பின்னர்த் தனி நிறுவகமொன்றின் பொறுப்பிலே விடப்பட்டுத் தியகமவுக்குச் சென்றது. அந்த டிப்ளோமாவுக்கும் இன்று உயர்தரத்திலே கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்னும் பாடங்கள் வேண்டப்படுகின்றன. இவ்வரலாற்றிலே பெருமைக்குரிய பக்கம் ஒன்று உண்டு. கவனிக்கப்படாத பக்கம் வேறொன்று உண்டு. நிறுவனம் ஏணியிலே ஏறியது. ஏறியபின், தான் முன்பு நின்ற படியிலே தொழிலாளியின் மகனுக்கு இடம் விட்டுச் சென்றதா என்று எவரும் வினவவில்லை. நிறுவனங்கள் உயர்ந்தன, வழி உயரவில்லை.

தொழிற்கல்வியைப் பாடசாலைக்குள்ளே புகுத்துதற்குச் செய்யப்பட்ட முயற்சிகளும் குறைவல்ல. சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா அவர்களின் தலைமையிலமைந்த விசேட குழு 1943 இல் வெளியிட்ட அறிக்கையிலே செயன்முறைப் பாடசாலைகளுக்கும் இடம் வகுக்கப்பட்டிருந்தது. அவ்வறிக்கையின் இலவசக் கல்வியை மக்கள் இரு கையாலும் ஏற்றனர். செயன்முறைப் பாடசாலையை ஏற்கவில்லை. 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் கனிட்ட இடைநிலை வகுப்புகளிலே தொழின்முன்னிலைப் பாடங்களைக் கட்டாயமாக்கிற்று. அந்தந்தப் பிரதேசத்துத் தொழில்களையே பாடமாக்கிக் கற்பித்தல் அதன் கருத்து. கருத்து நன்றே. எனினும் 1977 ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்துக்குப் பின் அச்சீர்திருத்தம் கைவிடப்பட்டபோது அதற்காகக் கண்ணீர் வடித்தவர் மிகச் சிலரே. மீன்பிடியைப் பாடசாலையிலே படிக்க வேண்டுமா என்று கரையோரத்துப் பெற்றோரே கேட்டால் அதற்கு விடை கூறுவது எளிதன்று.

பெற்றோரின் இம்மனப்பான்மையை அறியாமை என்று தள்ளிவிடுதல் கல்வியாளர் சிலரின் வழக்கம். பிலிப் பொஸ்ரர் என்னும் அறிஞர் கானா நாட்டை ஆராய்ந்து 1965 இல் வெளியிட்ட கட்டுரை அவ்வழக்கத்தைத் தகர்த்தது. மாணவர் ஏட்டுக்கல்வியை நாடுவது தொழில்மீது கொண்ட வெறுப்பினாலன்று. ஏட்டுக்கல்வியே அவர்களுக்கு நல்ல ஊதியமுள்ள தொழிலைப் பெற்றுத்தருவதனால் உண்மையில் அதுவே அவர்களுடைய தொழிற்கல்வி என்று அவர் வாதித்தார். சம்பளத்தையும் மதிப்பையும் சமூகம் எவ்வாறு பங்கிடுகின்றதோ அதற்கியையவே பிள்ளைகள் பாடங்களைத் தெரிவர். பாடத்திட்டத்தை மாற்றி அதனை மாற்ற முடியாது. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்று யாழ்ப்பாணத்துப் பாட்டி சொன்னதும் ஏறக்குறைய இதே பொருளாதாரந்தான். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் எங்குண்டோ அங்கு செல்லும் பாதையையே குடும்பங்கள் நாடின. றொனால்ட் டோர் 1976 இல் எழுதிய நூலிலே சான்றிதழ்களைத் துரத்தும் இந்நோயை விளக்குதற்கு எடுத்துக்கொண்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்று.

இன்னொரு காரணமும் உண்டு. அதனை மேடைகளிற் கூறுவோர் அரியர். தச்சு, கொல்லு, கட்டடவேலை முதலிய தொழில்கள் குலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்திலே, ஒரு பிள்ளை உளியை எடுப்பது வெறுந் தொழிற்றெரிவாகக் கருதப்படவில்லை. உயர்ந்தோர் எனப்பட்டோர் அதனை இழிவென ஒதுக்கினர். அத்தொழில்களிலே பிறந்தோருக்கோ கல்வி என்பது அப்பிணைப்பினின்று விடுதலை பெறும் கருவியாயிருந்தது. பாடசாலை மீண்டும் உளியையே கையிற் கொடுத்தபோது அவர்கள் ஐயுற்றதில் வியப்பில்லை. தொழிற்கல்வியின் மேன்மையைப் பேசுவோர் இவ்வையத்தை மதித்தே பேசுதல் வேண்டும்.

இனி, முதலாவது வழியை நோக்கலாம். உயர்தரப் பரீட்சையிலே மூன்று பாடங்களிற் குறைந்தது சாதாரண சித்தியும், பொதுச் சாதாரணப் பரீட்சையில் வேண்டிய புள்ளியும் பெறுவோர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதியைப் பெறுகின்றனர். தகுதி வேறு, அனுமதி வேறு. 2001 ஆம் ஆண்டுப் பரீட்சை முதல் இசற் புள்ளி முறை வழங்குகின்றது. ஒரு பாடத்தில் மாணவன் பெற்ற புள்ளியினின்றும் அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, எஞ்சியதை நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் பெறப்பட்ட எண்களின் சராசரியைக் காண்பதே அம்முறை. கடினமான பாடத்தை எடுத்தவனும் எளிதான பாடத்தை எடுத்தவனும் ஒரே தராசில் நிறுக்கப்படுதற்கு இது வகை செய்கின்றது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு இடங்களுள் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கென மேலதிகமாகவும் பங்கிடப்படுகின்றன. 1970 களிலே தரப்படுத்தல் என்னும் பெயர் தமிழ் மாணவரிடையே எழுப்பிய கொந்தளிப்பை அறிந்தோர்க்கு, இப்பங்கீட்டு எண்கள் வெறும் எண்களாகத் தோன்றமாட்டா.

இவ்வழியின் சிறப்பு யாதெனில், அது பெயர் தெரியாத திருத்துநரின் முன்னே எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்துகின்றது. செல்வமும் செல்வாக்கும் விடைத்தாளின் உள்ளே புகமுடியாது. ரியூட்டரிக் கட்டணமாக வெளியே நின்று உதவுமேயன்றி நேரே கைநீட்டமாட்டா. இவ்வாறு நம்பத்தக்க பரீட்சை இந்நாட்டிலே வேறொன்றில்லை. ஆயின் தகுதி பெறுவோருள்ளும், அண்மைய ஆண்டுகளில், ஏறத்தாழ நான்கிலொரு பங்கினரே அரச பல்கலைக்கழகங்களுள் இடம்பெறுகின்றனர். எஞ்சிய மூன்று பங்கினரின் கையில் யாது உளது? இரண்டு ஆண்டுகளோ நான்கு ஆண்டுகளோ கணிதத்தையும் பௌதிகவியலையும் கற்ற ஒருவன், ஒரு மின்விசிறியைக் கழற்றிப் பூட்டுதற்குச் சான்று பெற்றவனல்லன். ஒரு கணக்கேட்டைப் பொறுப்பேற்கச் சான்று பெற்றவனுமல்லன். பரீட்சை அவன் எதனை அறியான் என்பதை அளந்தது. எதனைச் செய்வான் என்பதை அளக்கவில்லை. இந்த வழியிலே இடைத் தங்குமடங்கள் இல்லை என்பதே அதன் பெருங்குறை.

இரண்டாவது வழி இதற்கு மறுதலையான அமைப்புடையது. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் வழிவந்த மூன்றாம் நிலை மற்றும் வாழ்க்கைத்தொழிற் கல்வி ஆணைக்குழுவின் மேற்பார்வையில், 2004 முதல் தேசிய தொழிற்றகைமைச் சட்டகம் இயங்குகின்றது. அதில் ஏழு மட்டங்கள் உள. முதல் நான்கும் சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள், ஏழாவது பட்டம். நான்காம் மட்டத்தை அடைந்தவன் பிறருடைய மேற்பார்வையின்றித் தன் தொழிலைச் செய்யும் தேர்ச்சியுடையவன் எனக் கொள்ளப்படுவான். 2012 இல் வெளியிடப்பட்ட இலங்கைத் தகைமைகள் சட்டகம் அந்நான்காம் மட்டத்தை உயர்தரச் சித்தியோடு ஒரே படியில் வைத்துள்ளது. இச்செய்தி பல பாடசாலைகளின் அறிவித்தற் பலகையை இன்னும் எட்டவில்லை.

மதிப்பிடும் முறையும் வேறானது. இங்கே நூற்றுக்கு இத்தனை என்ற புள்ளி இல்லை. ஒரு தொழிலுக்குரிய தேர்ச்சிகள் ஒவ்வொன்றாக வகுக்கப்பட்டிருக்கும். மதிப்பீட்டாளர் முன்னிலையில் அவற்றைச் செய்துகாட்டுபவர் "தேர்ச்சியுடையவர்". செய்யாதவர் "இன்னும் தேர்ச்சியடையாதவர்". "இன்னும்" என்னும் அச்சொல்லிலே ஒரு நாகரிகம் உண்டு. பரீட்சைத் திணைக்களத்தின் அகராதியிலே அச்சொல் இல்லை. மேலும், வகுப்பறைக்கே செல்லாது கராச்சிலோ கட்டட வேலைத்தலத்திலோ பல்லாண்டு உழைத்துப் பழகிய ஒருவரும், முற்கற்றலை ஏற்கும் முறையினூடாகத் தம் திறனைக் காட்டி நான்காம் மட்டச் சான்றிதழைப் பெறலாம். தொழில்கள் என்றதும் பட்டறையை மட்டும் எண்ணுதல் தவறு. தகவல் தொழினுட்பம், ஹோட்டல் தொழில், ஆடைத் தொழில் ஆகியனவும் இச்சட்டகத்தினுள் அடங்கும். பெண்பிள்ளைகளின் பெற்றோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

வடபுலத்து மாணவருக்கு இவ்வேணியின் படிகள் தூரத்திலில்லை. யாழ்ப்பாணத்திலே தொழினுட்பக் கல்லூரியும், வாழ்க்கைத்தொழில் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியும் உள. பின்னையதிலே ஐந்தாம், ஆறாம் மட்ட டிப்ளோமாக்கள் கற்பிக்கப்படுகின்றன. 1959 இல் தென்னிலங்கையிலே தோன்றிய இலங்கை - ஜெர்மன் தொழினுட்பப் பயிற்சி நிறுவனம் ஈட்டிய நற்பெயரை யாவரும் அறிவர். அதுபோன்றே ஜெர்மன் உதவியுடன் 2016 இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் ஒரு பயிற்சி நிறுவகம் திறக்கப்பட்டது. இரத்மலானைப் பல்கலைக்கழகம் ஐந்தாம் அல்லது ஆறாம் மட்டத் தகைமையுடையோரைத் தெரிந்தெடுத்துத் தொழினுட்பவியற் பட்டத்துக்கு அனுமதிக்கின்றது.

இவ்விரண்டுக்கும் இடையிலே நிற்பது, பலரை மயங்கச் செய்யும் உயர்தரத் தொழினுட்பப் பிரிவு. 2013 இல் அது பாடசாலைகளிலே தொடங்கப்பட்டது. அதன் முதலாவது பரீட்சை 2015 இல் நடைபெற்றது. பெயரளவில் அது தொழில்சார்ந்தது; வாயிலளவில் அது முற்றிலும் ஏட்டுவழியைச் சேர்ந்தது. அங்கும் அதே உயர்தரப் பரீட்சை, அதே இசற் புள்ளி, அதே மாவட்டப் பங்கீடு. பொறியியற் தொழினுட்பவியலைப் படித்த மாணவன், "மகன் எஞ்சினியராவான்" என்று கூறும் தந்தையின் மகிழ்ச்சியைக் கெடுக்க விரும்பாது வாளாவிருக்கலாம். ஆயினும் பொறியியற் பீடத்துக்கு இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் இன்றியமையாதன. தொழினுட்பப் பிரிவு மாணவன் செல்வது தொழினுட்பப் பீடத்துக்கே. பொறியியல் விஞ்ஞானமாணிப் பட்டமும் பொறியியற் தொழினுட்பவியல்மாணிப் பட்டமும் பெயரில் அண்மையன, பயனில் வேறாவன. 2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இலங்கைப் பொறியியற் பேரவை, இத்துறையிலே தொழில் புரிவோரைப் பல வகுப்புகளாகப் பிரித்தே பதிவு செய்கின்றது. எப்பட்டம் எப்பதிவேட்டிற் கொண்டுசேர்க்கும் என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பிலே அறிதல் வேண்டும். பட்டமளிப்பு விழாவன்று அறிதல் காலங்கடந்ததாகும்.

தொழில்வழியைப் புகழ்ந்துரைத்து அதன் குறைகளை மறைத்தல் மாணவருக்கு இழைக்கும் தீங்காகும். முதற்குறை கணிதம். கைத்திறனிலே நான்காம் மட்டத்தை அடைந்தவன், மின்சுற்றைப் பூட்டுதற்கு அறிவான். அச்சுற்றின் நடத்தையை வகையீட்டுச் சமன்பாட்டிலே எழுதுமாறு பட்டவகுப்பில் கேட்கப்படும்போது திகைப்பான். உயர்தர மாணவன் இரண்டாண்டு இரவும் பகலும் செய்த கணிதத்தை இவன் வேலைக்கிடையே தானாகவே ஈடுசெய்தல் வேண்டும். இரண்டாவது ஆங்கிலம். கீழ்ப்படிகளில் தமிழிற் பயின்றவன் மேற்படிகளில் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்க நேரும். மூன்றாவது, ஏணி மேலே செல்லச் செல்ல ஒடுங்குவது. நான்காம் மட்டத்தைத் தரும் நிலையங்கள் ஊர்தோறும் உள. ஏழாம் மட்டத்துக்குரிய இடங்கள் சிலவே. ஆகவே இவ்வழியில் இறங்கும் அனைவரும் பட்டதாரிகளாவர் எனக் கூறுவது பொய். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு: இவ்வழியிலே இடையில் நிற்க நேர்ந்தவன், நின்ற படியிலே ஒரு சான்றிதழோடும் ஒரு தொழிலோடும் நிற்கின்றான். நான்காவது குறை, அரசாங்கப் பதவிகளின் ஆட்சேர்ப்புத் திட்டங்கள் தகைமைகளை ஒவ்வொன்றும் தன்தன் சொற்களிலே வரையறுத்திருப்பது. சட்டகம் இரண்டும் சமம் என்று கூறினும், குறித்த பதவிக்குரிய திட்டத்திலே அத்தகைமை பெயர் சொல்லி ஏற்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பதே அறிவுடைமை. பொஸ்ரர் சொன்னது இங்கு மீண்டும் பொருந்துகின்றது: சமூகம் மதிக்காத சமத்துவம் தாளிலேயே கிடக்கும்.

காலக் கணக்கிலே மக்கள் எண்ணுமளவு வேற்றுமை இல்லை. உயர்தரத்துக்கு இரண்டு ஆண்டு, பெறுபேறும் அனுமதியும் வருமுன் கழியும் ஓராண்டோ அதனின் மிக்கதோ, பட்டத்துக்கு மூன்று அல்லது நான்கு ஆண்டு என்று கூட்டிப் பார்த்தால், சான்றிதழும் டிப்ளோமாவும் பட்டமுமாகச் செல்லும் மற்றைய வழி அதனின் மிக நீண்டதன்று. முதல் வழியில் பரீட்சையை மீண்டும் எழுதுபவனுக்கோ அதுவே குறுகிய வழியாகவும் அமையலாம். வேறுபடுவது சோதனை வரும் இடமே. ஏட்டுவழியிலே பெருஞ்சோதனை பத்தொன்பது வயதில் ஒரே முறையாக வருகின்றது. தொழில்வழியிலே அது சிறிது சிறிதாகப் பகுக்கப்பட்டு ஒவ்வொரு படியிலும் வருகின்றது. கணிதத்திலே இயல்பான நாட்டமும், தனித்திருந்து நெடுநேரம் படிக்கும் பழக்கமும், மருத்துவம் அல்லது பொறியியல் என்னும் குறித்த நோக்கமும் உடைய மாணவனுக்கு முதல் வழியே உரியது. அவனைத் திசைதிருப்பத் தேவையில்லை. பொருள்களைக் கையாண்டு பார்த்தே விளங்கிக்கொள்பவனும், வீட்டுக்கு விரைவிலே உழைத்துக்கொடுக்க வேண்டியவனும் சாதாரண தரத்தோடு மற்றைய வழியிற் சேர்வது தாழ்வன்று. ஐயத்துக்குரியோர் இவ்விருவருமல்லர், உயர்தரத்தில் மூன்று சித்திகளும் இடம்போதாத இசற் புள்ளியும் பெற்று நடுவிலே நிற்பவரே. இன்னொரு தடவை எழுதினாற் புள்ளி சிறிது உயரும் என்பது பெரும்பாலும் உண்மைதான். வேண்டிய அளவு உயருமா என்பதே கேள்வி. முதல் தடவையில் வெட்டுப்புள்ளிக்கு மிக அண்மையில் நின்றவன் மீண்டும் முயலலாம். வெகு தூரத்தில் நின்றவன், அந்த ஆண்டை உயர் தேசிய டிப்ளோமாவுக்கோ ஐந்தாம் மட்ட டிப்ளோமாவுக்கோ செலவிட்டால், பெற்ற உயர்தரச் சித்தியும் வீண்போகாது; பெரும்பாலும் அக்கற்கைநெறிகளின் வாயிலைத் திறப்பது அதுவே. 1980 இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும், தொழில் செய்துகொண்டே பட்டத்தை நோக்கிச் செல்வோருக்குக் கதவைத் திறந்துவைத்துள்ளது. இலண்டன் வெளிவாரிப் பட்டத்தை விளக்கொளியிலே படித்துப் பெற்ற பழைய ஆசிரியர் தலைமுறைக்கு, உழைத்துக்கொண்டே படித்தல் புதுமையன்று. பிள்ளைகளுக்கு அதனைப் புதுமை போலக் காட்டுவதுதான் புதுமை.

ஜெர்மனியிலே பயிலுநராகத் தொடங்கித் தொழிற்றலைவன் என்னும் தகைமையைப் பெற்றவர், பாடசாலை இறுதிப் பரீட்சையின்றியே பல்கலைக்கழகத்தில் நுழையலாம் என அந்நாட்டு மாநிலங்களின் கல்வி அமைச்சர்கள் 2009 இல் உடன்பட்டனர். அங்கே தொழிற்சாலைகள் பயிலுநரைச் சம்பளங்கொடுத்துப் பயிற்றுகின்றன என்பதை மறந்து அம்முறையை மட்டும் இரவல் வாங்க இயலாது. வடமாகாணத்திலே அத்தகைய தொழிற்சாலைகள் எத்தனை என்ற வினாவுக்கு விடை, கல்வித் திணைக்களத்திடம் இல்லை.

தெரிவு நிகழும் காலம் மிகச் சிறியது. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரையுள்ள சில மாதங்களிலேயே, பெரும்பாலான மாணவர் யோசனையின்றி உயர்தர ரியூட்டரி வகுப்புகளிற் சேர்ந்துவிடுகின்றனர். பெறுபேறு வரும்போது பணமும் மனமும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். வழிகாட்டல் பயன்தர வேண்டுமாயின் அது பதினோராம் வகுப்பிலேயே நிகழ்தல் வேண்டும். அதற்குப் பெருஞ்செலவும் வேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும், மேலே கூறிய ஜெர்மன் பயிற்சி நிறுவகமும் அதே அறிவியல் நகரிலேயே அமைந்துள்ளன. காலையிலே ஒரு பேருந்திற் புறப்படும் வகுப்பொன்று, நண்பகலுக்கு முன் ஒன்றின் ஆய்வுகூடத்தையும் பின் மற்றதன் பட்டறையையும் கண்டு, இரண்டிலும் பயில்வோரிடம் தாம் எவ்வாறு அங்கு வந்தனர் என்று கேட்டறிந்து, பொழுது சாயுமுன் ஊர் திரும்பலாம்.